எழுத்துக்குக் கூலி கேட்டால் ஏன் முகம் சுருங்குகிறது?

கல்லூரி இலக்கிய மன்ற விழா என்றால் மைக் செட்டுக்காரருக்குப் பணம் உண்டு. பிளெக்ஸ் அடித்தவருக்கு உண்டு. மதியச் சாப்பாடு கொண்டுவந்த மெஸ்ஸுக்கு உண்டு, போட்டோ எடுத்தவருக்கு உண்டு. இவர்களில் பாதிப் பேர் முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடங்குவதே இல்லை. அதில் தப்பும் இல்லை. ஆனால் யாருடைய பேச்சைக் கேட்பதற்காக அந்த அரங்கையே திறந்தார்களோ, அந்த எழுத்தாளருக்கு ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, இரண்டு கைகளையும் கூப்பி ஒரு நன்றி. ஊர் திரும்பும் பேருந்துக் கட்டணம்கூடப் பல நேரம் அவர் கைக்காசுதான்.

இதைச் சொன்னால், "பணத்துக்காகவா எழுதறீங்க?" என்று கேட்கிறார்கள். ஆமாம், பணத்துக்காகவும்தான். வாடகை, கேஸ் சிலிண்டர், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, இதற்கெல்லாம் வேறு எதைக் கொடுப்பது? நான் நாவல் எழுதுகிறேன், மொழிபெயர்க்கிறேன், பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். மூன்றும் என் தொழில். இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் மனசில் ஏறுவதில்லை. "அது சரி மேடம், வேலை என்ன பண்றீங்க?" என்பதுதான் அடுத்த கேள்வி. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் கேட்கிறார்கள். வங்கியில் கடன் விண்ணப்பத்தோடு போய் உட்கார்ந்தால் கேட்கிறார்கள். சம்பளச் சீட்டு கேட்கும் அதிகாரியிடம் ராயல்டி வந்த கணக்கை நீட்டினால், அதைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று அவருக்கும் தெரிவதில்லை.

கூட்டத்துக்கு அழைப்பு வரும் விதத்தைச் சொல்கிறேன். "வணக்கம் மேடம். உங்க கதைன்னா எங்க பிள்ளைங்களுக்கு உசிரு. வர்ற வெள்ளிக்கிழமை நீங்க அவசியம் வரணும்." தேதி சொல்வார்கள், நேரம் சொல்வார்கள். அழைப்பிதழில் போட ஒரு போட்டோ, பத்து வரியில் தன்குறிப்பு, வாங்கிய விருதுகளின் பட்டியல் எல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தொகையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நான்தான் கேட்க வேண்டும். கேட்டதும் அந்தப் பக்கம் குரல் இறங்கிவிடும். "இது ஒரு சேவை மாதிரிதான் மேடம்." "இதுவரைக்கும் வந்தவங்க யாரும் கேட்டதில்லையே." "உங்களுக்கும் நாலு பேர்கிட்ட பேர் போய்ச் சேருமே." இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் வரும். அதே பள்ளியில் அபாகஸுக்கு, கராத்தேக்கு, மேற்கத்திய நடனத்துக்குத் தனித்தனியே ரசீது போட்டு வசூலிக்கிறார்கள். அந்த மாஸ்டர்களிடம் யாரும் சேவையைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

குழந்தைகளுக்குக் கதை சொல்வது என்றால் புத்தகத்தைப் பிரித்துப் படிப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றாம் வகுப்பையும் ஆறாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு, "ஒரு ரெண்டு மணி நேரம் பார்த்துக்கோங்க மேடம்" என்று ஆசிரியர்கள் வெளியே போய்விடுகிறார்கள். கதையை எந்த இடத்தில் நிறுத்தினால் ஆறு வயதுப் பிள்ளை பயப்படாமல் காத்திருக்கும், எந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து திரும்பச் சொல்லும், பாட்டு எங்கே வர வேண்டும், பதினோரு வயதுப் பையன் "இது சின்னப் பசங்க கதை" என்று முகத்தைத் திருப்பாமல் இருக்க எதைச் சேர்க்க வேண்டும், இவற்றுக்கெல்லாம் வாரக்கணக்கில் வீட்டில் தனியாகப் பேசிப் பேசிப் பார்க்க வேண்டும். முடிந்து வந்தால் மறுநாள் முழுக்கத் தொண்டை கட்டிக்கொள்ளும். அரசுப் பள்ளிகளில் நான் காசு கேட்பதில்லை. அங்கே ஆசிரியர் தன் பையிலிருந்து பணம் எடுத்து எனக்கு டீ வாங்கித் தருகிறார். அவரிடம் என்ன கேட்பது? பெற்றோரிடம் எல்லாவற்றுக்கும் கட்டணம் வாங்கும் இடங்களில்தான் கேட்கிறேன். அங்கேதான் சேவை என்ற பேச்சும் வருகிறது.

புத்தகத்துக்கு வருகிறேன். தமிழில் வழக்கமான ராயல்டி, விலையில் 10 சதவீதம். 250 ரூபாய் நாவல் என்றால் ஒரு பிரதிக்கு 25 ரூபாய். முன்பெல்லாம் முதல் பதிப்பு 1,000, 1,200 பிரதி அச்சாகும். பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்த பிறகு 100, 200, 300 என்று தேவைக்குத் தக்கபடி அடிக்கிறார்கள். 300 பிரதியும் விற்றுத் தீர்ந்தால் 7,500 ரூபாய். ஒரு நாவல் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தின்றுவிடும். அந்த 7,500 ரூபாயும் தானாக வந்து சேராது. போன் செய்ய வேண்டும். "கணக்கு இன்னும் முடியல", "புத்தகக் காட்சி முடியட்டும்", "லைப்ரரி ஆர்டர் பணம் வரட்டும்." சென்னையில் 1977இலிருந்து புத்தகக் காட்சி நடக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் வாசகர்கள் என் கண்முன்னே வாங்கிக் கையெழுத்துக்கு நீட்டும் பிரதிகள்கூட எந்த ஆண்டுக் கணக்கில் வருகின்றன என்று எனக்குத் தெரியாது. என் நாவல் ஒன்று இரண்டாம் பதிப்பு வந்ததையே ஒரு வாசகர் எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பதிப்பாளரைக் கூப்பிட்டால், "அடடா, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இலக்கியத்தின் மேல் உண்மையான பற்று உள்ளவர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதிப்பாளர்களின் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. காகித விலை ஏறிக்கொண்டே போகிறது. கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவு எழுத்தாளரின் பங்கைப் போல மூன்று நான்கு மடங்கு. ஊர் ஊராகக் கண்காட்சிகளுக்கு ஸ்டால் வாடகை, லாரி வாடகை. எல்லாம் சரி. ஆனால் காகிதக் கடைக்காரரிடம் "லைப்ரரி ஆர்டர் வந்தா தர்றேன்" என்று சொல்ல முடியாது. அச்சகத்தில், பைண்டிங்கில் சொல்ல முடியாது. எல்லோருக்கும் கொடுத்து முடித்தபின் மிச்சம் இருந்தால் எழுதியவருக்கு என்ற இந்த வரிசையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வரிசையில் கடைசியில் நிற்பவர் இல்லாமல் அந்தப் புத்தகமே இல்லையே!

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி எல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கிக்கொண்ட உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அது எழுத்தாளரிடமே திரும்பிவிடும். இவ்வளவு தெளிவாக இருக்கிறது. தமிழில் எத்தனை புத்தகங்கள் இப்படி ஒரு தாளோடு வெளிவருகின்றன? "நமக்குள்ள என்ன பேப்பரெல்லாம்" என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கேட்பவர்தான் உறவை முறித்தவர் ஆகிறார்.

இது இன்று நேற்று வந்த வினை இல்லை. பாரதியார் 1920இல் தம் நூல்களை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 பிரதி அச்சிட்டு விற்கத் திட்டம் போட்டார். அதற்காக நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கடன் கேட்டார். வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் கேட்டார். யாசகம் இல்லை, கணக்குப் போட்டு வைத்த தொழில் திட்டம் அது. பணம் திரளவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் போய்விட்டார். 1949இல் அரசு அவர் எழுத்தின் உரிமையை வாங்கி நாட்டுக்குப் பொதுவாக்கியதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த 1920ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பற்றியும் அதே அளவுக்குப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். நம் பெருங்கவி எழுத்தைப் பிழைப்பாக்க விரும்பினார், நாம் விடவில்லை.

கு.ப.ரா. 1944இல் கும்பகோணத்தில் நோயும் வறுமையுமாக இறந்தபோது வயது 42. புதுமைப்பித்தன் பத்திரிகை வேலைகளை விட்டு சினிமாவுக்குப் போய், 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனேயில் இருந்து, காசநோயோடு திரும்பி 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். அவருக்கும் 42. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். தாம் போட்ட புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இந்தக் கதைகளை மேடையில் சொன்னால் அரங்கம் உருகுகிறது. எனக்கு அந்த உருக்கத்தைக் கண்டாலே கோபம் வருகிறது. பட்டினி கிடந்தும் எழுதினார் என்று கொண்டாடுகிறோம். பட்டினியாலும் காசநோயாலும் எழுதப்படாமலே போன நாவல்கள் எத்தனை? புதுமைப்பித்தன் இன்னும் இருபது ஆண்டு இருந்திருந்தால் தமிழ் உரைநடை எங்கே போயிருக்கும்? எழுத்தாளன் என்றால் ஏழையாக இருப்பதே அழகு என்று நாம் பழகிவிட்டோம். அதனால் ஒருவர் கூலி கேட்டவுடன் அவருடைய எழுத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

அடுத்து வந்தவர்கள் புத்திசாலிகள். வேலையை விடவில்லை. தி. ஜானகிராமன் வானொலியில், லா.ச.ரா. வங்கியில், சுந்தர ராமசாமி நாகர்கோவில் ஜவுளிக்கடையில், சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில், நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக, வண்ணதாசன் வங்கியில், பூமணி கூட்டுறவுத் துறையில், இமையம் பள்ளிக்கூடத்தில், பெருமாள்முருகன் கல்லூரியில். தமிழின் மிகச் சிறந்த பக்கங்களில் பெரும்பகுதி, வேலை முடிந்து வந்த இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எழுதியது. அந்த இரவும் அந்த ஞாயிறும் பெண்களுக்கு ஏது? வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பாத்திரம் ஒதுக்கி, பிள்ளையைத் தூங்கவைத்தபின் மிஞ்சும் நேரத்தில் நாவல் எழுது என்று சொல்வது, எழுதாதே என்று சொல்வதுதான். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதத் தூத்துக்குடிக்கே போய், அவர்களோடு பேசிப் பழகி எழுதிய ராஜம் கிருஷ்ணன், கடைசிக் காலத்தை முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் கழித்தார். சாகித்ய அகாதெமி விருது 1973இலேயே வாங்கியவர். விருது என்பது ஒரு நாள். அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டு வாழ்க்கை இருந்தது அவருக்கு.

எழுதி மட்டுமே வாழ்ந்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் இருக்கிறார்கள். பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களைக் காசு கொடுத்து வாங்கிய வாசகர்கள் அவர்களை வாழவைத்தார்கள். இலக்கியக்காரர்கள் அந்த வாசகர்களைக் குறைத்துப் பேசுவதுண்டு. எனக்கு அவர்கள்மேல் மரியாதை. படித்ததற்குக் காசு கொடுத்தார்கள். ஜெயகாந்தன் எழுத்தால் வாழ்ந்தார். அன்றைக்குப் பத்திரிகைகள் அவருக்கு இடமும் பணமும் கொடுத்தன. அந்தப் பத்திரிகை உலகம் இன்று சுருங்கிவிட்டது. 1941இல் தொடங்கிய 'கல்கி' 2020இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. ஒரு வாரத் தொடர்கதை, ஓர் எழுத்தாளரின் வீட்டு வாடகையாக இருந்த காலம் அதோடு முடிந்தது என்றே சொல்வேன். பிரபஞ்சன் எழுத்தை நம்பியே நின்றவர். 2018 டிசம்பரில் புதுச்சேரி அரசு மரியாதையோடு அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. நியாயமான மரியாதைதான். உயிரோடு இருந்தபோது அவர் புத்தகங்களின் கணக்கு அவர் கைக்கு ஒழுங்காக வந்திருந்தால் அதைவிடப் பெரிய மரியாதையாக இருந்திருக்கும்.

பக்கத்தில் கேரளத்தைப் பார்க்கிறேன். 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலீட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். சாகித்ய பிரவர்த்தக சகரண சங்கம் என்று பெயர். எம்.பி. பால், காரூர் நீலகண்டப் பிள்ளை போன்றவர்கள் முன்னின்றார்கள். எழுத்தாளருக்கு 30 சதவீதம் வரை ராயல்டி கொடுத்தார்கள். முப்பது! மலையாள எழுத்தாளன் தலை நிமிர்ந்து நின்றதில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களும் நம்மைப் போல வறுமையில் இருந்தவர்கள்தான். காருண்யத்தை எதிர்பார்க்காமல் கணக்குப் புத்தகத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். நம்மிடம் எத்தனை இலக்கிய அமைப்புகள்! எத்தனை கருத்து மோதல்கள், எத்தனை கண்டன அறிக்கைகள்! ராயல்டிக்காக எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஓர் அறிக்கை விட்டதை நான் பார்த்ததில்லை.

நூலகத் துறையையும் சொல்ல வேண்டும். 1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது, நாட்டிலேயே முன்னோடி. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் ஆண்டுதோறும் தவறாமல், தேர்வு முறை வெளிப்படையாக, பணம் உடனுக்குடன் கிடைக்கும்படி புத்தகம் வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். வாங்கும் ஆண்டும் உண்டு, வாங்காத ஆண்டும் உண்டு என்று இருப்பதால்தான் பதிப்பாளர் அதையே சாக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2021இல் அரசு எழுத்தாளர்களுக்குக் கனவு இல்லம் தரும் திட்டத்தையும், ஐந்து லட்சம் ரூபாயோடு இலக்கிய மாமணி விருதையும் அறிவித்தது. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பெரிய விருது வாங்கியபின் வீடு தருவதைவிட, முதல் புத்தகம் எழுதுபவருக்கு அந்தப் புத்தகத்தின் காசு சேர்வதற்கு வழி செய்வது அவசரம்.

இதற்கு நடுவே வாசகர்களின் அன்பு வேறு. செல்போன் குழுக்களில் புத்தகம் வெளியான மாதமே பிடிஎஃப் சுற்றுகிறது. "மேடம், உங்க நாவலை பிடிஎஃப்ல படிச்சேன், அழுதுட்டேன்" என்று எனக்கே செய்தி அனுப்புகிறார்கள். என் சிறுகதை ஒன்றை ஒருவர் முழுக்க வாசித்து, விளம்பரங்களோடு தன் சேனலில் ஏற்றிவிட்டு, அந்த இணைப்பை எனக்குப் பரிசு போல அனுப்பினார். அனுமதி கேட்டிருக்கலாமே என்றேன். "உங்களைப் பிரபலப்படுத்தத்தானே செஞ்சேன்" என்று வருத்தப்பட்டார். அவர் குரலுக்கு, அவர் நேரத்துக்கு அங்கே வருமானம் உண்டு. கதைக்கு மட்டும் இல்லை. சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2012இல் சட்டத்தைத் திருத்தி, திரைப்படத்துக்கு எழுதுபவர்களுக்கு ராயல்டியில் உரிமை உண்டு என்று எழுதியாகிவிட்டது. டிஸ்கஷனுக்குக் கூப்பிட்டு மாதக்கணக்கில் கதை பேசவைத்துவிட்டு, "பார்க்கலாம்மா, சொல்லி அனுப்பறோம்" என்று டிபன் வாங்கிக்கொடுத்து அனுப்புகிற பழக்கம் மாறவில்லை.

ஒரு கல்லூரிக் கூட்டம் முடிந்தபின் வேதியியல் படிக்கும் பெண் ஒருத்தி வந்து நின்றாள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறாராம். ஒரு நோட்டைக் கொடுத்தாள். அதில் இருந்த கதை, அவள் பாட்டி ரேஷன் கடை வரிசையில் நின்று சண்டை போடுவதைப் பற்றியது. அத்தனை உயிரோட்டமான பேச்சு, அத்தனை சரியான இடத்தில் முடிகிற கதை, அந்த வயதில் எனக்கு வந்ததில்லை. "அக்கா, நான் எழுத்தாளராத்தான் ஆகணும்னு இருக்கேன். வேற வேலைக்குப் போகாம எழுதிப் பிழைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

வேலை ஒன்று தேடிக்கொள் என்றுதான் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்குத் தீராத ஆதங்கம். எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியில் நன்றாக எழுதத் தெரிந்த பெண்ணிடம், ஆய்வகத்துக்குப் போ, மீதி நேரத்தில் எழுது என்று நானே சொல்கிறேன். சொல்லிவிட்டு, எனக்கு யாரும் சொல்லித்தராத மற்றதையும் சொன்னேன். ஒப்பந்தம் இல்லாமல் கைப்பிரதியைக் கொடுக்காதே. எத்தனை ஆண்டு என்று எழுதச் சொல். ஒலிப் புத்தகம், மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடாதே. ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை பிரதி அடித்தார்கள், எத்தனை விற்றது என்று எழுத்தில் கேள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தலைப்பைக் கேட்பதற்கு முன்னால் தொகையைக் கேள்.

"கேட்டா கூப்பிடாம விட்டுருவாங்களே அக்கா?"

விடுவார்கள் என்றேன். என்னையும் அப்படி விட்டவர்கள் உண்டு. கேட்டதும் சரி என்று சொல்லி, தொகையை முன்கூட்டியே கணக்கில் போட்டு, ரயில் டிக்கெட்டும் எடுத்து அனுப்பிய கல்லூரியும் ஒன்றிரண்டு இருக்கின்றன. அப்படி ஒரு கல்லூரியின் தமிழ்த்துறைப் பேராசிரியரின் எண்ணை அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.